புள்ளிக்காரம்மா

கணினித் திரையில் புள்ளிகள் விழுந்ததும் முதல் காரியமாகக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார் புள்ளிக்காரம்மா. மங்கலாகப் பார்த்தாலும் இரண்டு கூட்டம் இரண்டாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது கூட்டமே இல்லை என்பது அவர் கட்சி.

ஒரு துளி ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை, கொழுப்பு, பெயர் சொன்னால் நாக்கு சுளுக்கும் அமிலங்கள் என நூற்றுக்கணக்கான பொருள்களை எங்கள் ஆய்வுக்கூட இயந்திரம் அளந்து எண்களாகக் கொட்டும். அந்தக் குவியலைச் சலித்து, ஆளுக்கொரு புள்ளியாகத் திரையில் உட்காரவைப்பது அம்மையாரின் உத்தியோகம். உடம்புக்குள் ஒத்துப்போகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். குடும்பப் புகைப்படத்தில்கூட அப்படியோர் ஒழுங்கை நான் கண்டதில்லை.

புள்ளிகளோடு பேச்சுவார்த்தையும் உண்டு. "அடேய், நீ மட்டும் ஏன்டா மூலைல போய் நிக்கிற?" போனில் காத்திருந்த அவருடைய மாமியார், பேரனுக்குத்தான் திட்டு விழுகிறது என்று ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார்.

போன வாரம் சிறுநீரக நோயாளிகள் சிவப்பாக ஒரு மூலையிலும், நலமானவர்கள் நீலமாக எதிர் மூலையிலும் நின்றார்கள். தலைமை டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஏம்மா, பிரமாதம்! ஆராய்ச்சிக் கட்டுரையில உன் பேருதான் முதல்ல!"

இத்தனை வருட உழைப்பில் அந்த இடம் அவருக்குக் கிடைத்ததே இல்லை. அம்மையாரோ கெட்டுப்போன பாலை முகர்ந்தவர்போல் முகத்தைச் சுளித்தார். "இவ்ளோ அழகா வரக் கூடாதே, டாக்டர்."

இரு கூட்டத்தையும் பிரித்து இழுக்கும் பொருள் எதுவென்று துருவினார். காபியின் சத்து. நோயாளிகள் ரத்தம் கொடுத்தது வெறும் வயிற்றில். நலமானவர்களோ எங்கள் ஆபீஸ்காரர்கள். காபி இறங்காமல் லிஃப்ட் பட்டனைக்கூட அழுத்தாத ரகம்.

"மெஷின் நோயைக் கண்டுபிடிக்கல, டாக்டர். நம்ம கேன்டீனைக் கண்டுபிடிச்சிருக்கு."

"கணக்குலேர்ந்து அந்தக் காபியை மட்டும் தூக்கிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"கூடவே டிபனும்ல உள்ள போயிருக்கு! எதையெதைத் தூக்குறது? நம்ம ஆபீஸ் ஆளுங்க எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கணும், பட்டினியா."

"அதுக்குள்ள வேற எவனாவது முந்திடுவான். உன் பேரும் போச்சு, பாத்துக்கோ."

"போகட்டும்."

மண்ணாசை, பொன்னாசை துறந்த மகான்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அச்சில் வரும் முதல் பெயரைத் துறந்தவரை அன்றுதான் நேரில் தரிசித்தேன்.

மறுநாள் காலை ரத்தம் எடுக்கும் அறை வாசலில் ஆபீஸே பசியில் உறுமிக்கொண்டிருந்தது. முதலில் உள்ளே போக ஒருவருக்கும் மனமில்லை. புள்ளிக்காரம்மா போய் உட்கார்ந்தார். ஊசியைக் கண்டதும் கண்களை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினார்.