கடலுக்குள் ஒரு கிணறு

கடல் உள்வாங்கும் நாட்களில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஓரிடத்தில் அலைக்கு நடுவே ஒரு சிமெண்டு உறை தலைகாட்டும். பாசி படிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அது ஒரு ஊரின் குடிதண்ணீர்க் கிணறு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் நீதிபதி ஐயாவின் நினைவு வரும், கூடவே கோபமும் வரும்.

செங்கல்பட்டில் வக்கீலாகத் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை போனவர். ஓய்வு பெறும்வரை நான்தான் அவருடைய சுருக்கெழுத்தர். வாதம் முடிந்ததும் அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி தீர்ப்பைச் சொல்வார். நான் சுருக்கெழுத்தில் எடுப்பேன். ஒரு சொல்லைக்கூட அடிக்கச் சொன்னதில்லை. அரிசி ஆலையில் கொத்தடிமைகளாகக் கிடந்த குடும்பங்களை, மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து விடுவித்தவர். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு காலனியின் பிணங்களை வரப்பில் தடுமாறிச் சுமந்துகொண்டிருந்தபோது, சுடுகாட்டுக்குப் பாதை விடச் சொன்னவரும் அவர்தான். அது என் அம்மா பிறந்த காலனி. அந்தப் பாதையில்தான் என் தாய்மாமனைக் கொண்டுபோனோம். ஐயாவை நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் குப்பத்து வழக்கு வந்தது. செங்கல்பட்டு நீதிமன்றத்தில் மீனவர்கள் ஜெயித்திருந்தார்கள். இடம் தன்னுடையது என்றவர் மேல்முறையீட்டுக்கு வந்தார். கடல் கரையைத் தின்னத் தின்ன, குப்பத்துக்காரர்கள் வீட்டைப் பிரித்துப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொண்டே வந்தவர்கள். யாரையாவது கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை, அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அதுவே வினையாகிவிட்டது. பழைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு குடிசையும் இல்லை. கோப்புக்கு வெளியே எதையும் பார்க்கக் கூடாது, இடத்தைப் போய்ப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்பது ஐயாவின் கொள்கை. அவர் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்துவிட்டாள்.

“ஐயா, எங்க வூடு, கெணறு எல்லாம் கடலுக்குள்ள கீது. ஒருவாட்டி வந்து பாருங்க.”

வக்கீல் பதறிப்போய் அவளை உட்காரவைத்தார். ஐயா சற்று நிறுத்தினார். நான் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஆக்கிரமித்தவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று அதே குரலில் தொடர்ந்தார். டெல்லிவரை போக அவர்களுக்கு வழியில்லை. மழைக்காலத்துக்கு முன்பே குடிசைகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஐயா ஓய்வு பெற்ற பிறகு, குப்பம் இருந்த இடத்தில் எழும்பியிருந்த விடுதியில் ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணம். அவருடைய காரிலேயே நானும் போயிருந்தேன். அன்று கடல் உள்வாங்கியிருந்தது. மணலில் குப்பை பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், அது என்ன என்று ஐயா கேட்டார்.

“எங்க குப்பத்துக் கெணறு சார். கடலு வர வர பின்னால வந்துகினே இருந்தோம். கடைசீல எவனோ ஒரு ஜட்ஜு, புதுசா வந்து குந்திகினவங்கன்னு சொல்லிட்டான்.”

ஐயா சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். கார் கோவளத்தைத் தாண்டியது. பிறகு, “தீர்ப்பு எழுதினவனே நினைச்சாலும் அதை அழிக்க முடியாதும்மா” என்றார். அதன்பின் அவர் கடற்கரைப் பக்கமே வரவில்லை.

அவர் இறந்தபோது நீதிமன்றத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. அரிசி ஆலையைச் சொன்னார்கள், சுடுகாட்டுப் பாதையைச் சொன்னார்கள். குப்பத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சென்ற மாதம், இன்னும் தெற்கே வேறொரு குப்பத்தின் வழக்கில் அதே தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டி, இடத்துக்குச் சொந்தம் கொண்டாடியவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். நான் எடுத்த பத்தி, ஒரு சொல் மாறாமல் புதிய தீர்ப்பில் இருக்கிறது.

நேற்று போனேன். பழைய கிணறு அலைக்குள் தெரிந்தது. அதைத் தாண்டி நடந்து அந்தக் குப்பத்துக்குப் போனேன். ஓலைகளைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கிணறு இன்னும் கரையில்தான் இருக்கிறது. குடத்தை நிரப்பிக்கொண்டிருந்த பெண் வெயிலில் நின்ற என்னைப் பார்த்து, “இந்தாக்கா, தண்ணி நல்லாத்தான் கீது, குடி” என்று ஒரு சொம்பு நீட்டினாள். வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் நிரப்பிய குடத்தைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.