கால் நீட்டிய அக்கா

பச்சைப் பெயிண்ட் அடித்த அந்தக் குட்டி முக்காலி எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் மேசைக்கு அடியில் கிடக்கும். உயரத்து அலமாரியிலிருந்து பாட்டில் எடுக்க அதில்தான் ஏறுவேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், மதுரைத் துணிக்கடை ஒன்றில் சேலை எடுத்துப்போடும் அக்கா ஒருத்தி அதன்மேல் காலை வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருந்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு வருடமாக ஆறாத புண். "டாக்டரம்மா முன்னால காலை நீட்டுறதா? நல்லா இருக்கு ஒங்க வைத்தியம்!" என்றாள்.

டாக்டரம்மா வெளிநாட்டு இதழ் ஒன்றில் படித்திருந்தார். இந்த நோய் உள்ளவர்கள் நெடுநேரம் நின்றால், காலுக்கு இறங்கும் வெள்ளை அணுக்களில் ஒரு பங்கு திரும்பாமல் அங்கேயே ஒட்டிக்கொள்ளுமாம். காவலுக்கு வந்தவையே சதையைக் கெடுக்குமாம். அதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார். ஒருவழியாக அக்கா காலைத் தூக்கி வைத்தாள். பாதத்தில் ரத்தம் எடுத்தேன். பிறகு ஒரு மணி நேரம் நிற்க வைத்து மறுபடி எடுத்தேன். இரண்டாவதில் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. என் எண்ணிக்கையை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற திமிர் எனக்கு உண்டு. மூன்று முறை எண்ணினேன். குறைந்தது குறைந்ததுதான்.

"மிச்சமெல்லாம் எங்க தாயி போச்சு?"

"ஒங்க கால்லதான் நிக்குதுக போல."

"அதுகளுக்கும் ஒக்கார எடமில்லையா?" என்று சிரித்தவள், சட்டென்று அழுதுவிட்டாள். சுத்தபத்தமில்லாததால் வந்த புண் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஆடித் தள்ளுபடிக்குள் ஆறாவிட்டால் வேலை கிடையாதாம். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

"நின்னு நின்னுதான் வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றாள். ஒரே ஆளை வைத்து அப்படி எழுத முடியாது என்றார் டாக்டரம்மா. அது நியாயம்தான். ஆனால், வேலை நேரத்தில் உட்கார்ந்து காலை உயர்த்தி வைக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் முக்காலியைக் கொடுத்தனுப்பினேன். ஆஸ்பத்திரிச் சொத்து, திருட்டுத்தான். இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். துணி மூட்டைமேல் உட்கார்ந்து, பச்சை முக்காலியில் கால் நீட்டி, சேலை விரித்துக்கொண்டிருந்தாள். "சாமி படத்துக்கு முன்னால காலை நீட்டிக்கிட்டு! எந்திரி!" என்று முதலாளி கத்தினார். அவள் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். "புண்ணு ஆறட்டும், எந்திரிக்கிறேன். சேலை விக்கிறது என் கையிதான் மொதலாளி, காலு இல்ல."

ஆடி முடிந்ததும் அவளை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் புண் பாதி ஆறியிருந்தது. பிறகு உசிலம்பட்டிச் சந்தையில் சொந்தமாகச் சேலை விற்றாள், கால் நீட்டி உட்கார்ந்து. முக்காலியை அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் கே.கே. நகரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. முக்காலிகளும் இருந்தன. அவற்றின்மேல் சேலைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்க, பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! உள்ளே புகுந்து பெட்டிகளை இறக்கினேன். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "இந்தப் பொண்ணு ஒக்காந்தாத்தான் நான் சேலை எடுப்பேன்" என்றேன்.

பயந்து பயந்து உட்கார்ந்தாள். இன்னொரு முக்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

"காலையும் தூக்கி வையி தாயி."