நூல் கோக்காத மெஷின்

ரவிக்கை தைக்கக் கொடுக்க மதுரை சிம்மக்கல் போயிருந்தேன். தையல்காரர் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு வெட்டுத்துணியை வைத்து நூல் கோக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த எண்ணெய் வாசம் என்னை 2008க்கே இழுத்துப்போனது.

அப்பா திருநகர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். நான் எழும் முன் போய், தூங்கிய பின் வருவார். திடீரென்று ஆர்டர் நின்று, கம்பெனியை மூடினார்கள்.

“அமெரிக்காக்காரன் வீட்டுக்கடனக் கட்டலையாம். பேங்கு விழுந்துருச்சு, சட்டை வாங்க ஆளில்ல” என்றார் அப்பா.

“அதுக்கு நம்ம வீட்ல ஏம்ப்பா கறி எடுக்கல?” என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

மெஷின்கள் இறுகிவிடக்கூடாதென்று ஞாயிறுதோறும் அவரை மட்டும் கூப்பிடுவார்கள். சைக்கிளில் என்னையும் கூட்டிப்போவார். அவ்வளவு பெரிய கூடத்தில் நாங்கள் இருவர்தான். ஒவ்வொரு மெஷினிலும் நான் வெட்டுத்துணியை வைக்க, அவர் நூலில்லாமல் ஓட்டுவார். துணியில் ஊசித் துளைகள் மட்டும் விழும். அதை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்து, “பாருடி, எம்புட்டு நட்சத்திரம்!” என்பார்.

அடுத்த வருஷம் ஆர்டர் வந்தது, கம்பெனியைத் திறந்தார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. மறுநாள் நான் எழுந்தபோது வாசலில் சைக்கிள் இல்லை.

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். “குடுங்கம்மா, என்ன தைக்கணும்?”

“மெதுவா தைக்கலாம்ண்ணே. இன்னுங் கொஞ்ச நேரம் அப்படியே ஓட்டுங்க.”