ஆறு டார்ச் செல்கள்

அருணகிரிக்கு நாற்பத்திரண்டு வயது. பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து மிதி மிதிப்பார். கச்சேரி உள்ள நாட்களில் மேடையில் உட்கார்ந்து கிடார் வாசித்துக்கொண்டே அதன் ஓசையை மாற்றும் பெட்டியை மிதிப்பார். "ஆரணியிலயே ஓய்வு இல்லாதது உங்க காலுக்கு மட்டுந்தான்" என்பாள் மனைவி ஜெயம்.

பெட்டிகள் இரண்டு. ஒரு தீபாவளி போனஸை அப்படியே மெட்ராஸ் பர்மா பஜாரில் கொட்டி வாங்கியவை. ஒன்றை மிதித்தால் ஒரு கிடார் இரண்டு கிடாராக விரியும். மற்றதை மிதித்தால் சினிமாவில் வருவதுபோல் கரகரவென்று கத்தும். லோகநாதனின் மெல்லிசைக் குழுவில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்ததே இவற்றின் தயவில்தான். ஆனால் பாழாய்ப்போனவை இரண்டும் சின்ன ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தின்று தீர்த்தன. அந்தப் பேட்டரி ஆரணியில் லேசில் கிடைக்காது.

அதனால் தீர்ந்துபோன பேட்டரியையும் அருணகிரி எறிய மாட்டார். ரேடியோ செல்லுக்கு ஊரே செய்வதைத்தான் அவரும் செய்தார். மொட்டை மாடியில் சாயம் போட்ட பட்டு காயும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்தார். வெயில் பட்டால் செல்லுக்கு உயிர் வரும் என்பார்கள். வந்தது, இரண்டு பாட்டுக்கு. கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணக் கச்சேரியில், மூன்றாவது பாட்டின் நடுவே கிடார் முனகி அடங்கிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா நாற்காலிய எடுத்துடுவேன் அருணகிரி" என்றார் லோகநாதன். "புது கீபோர்டு வாங்கிகீறேன், பாத்த இல்ல? அதுலயே கிடார் பட்டன் கீது."

அடுத்த அமாவாசையன்று வழக்கப்படி தறிகள் ஓடவில்லை. மற்றவர்கள் படுத்துத் தூங்க, அருணகிரி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரேடியோ மெக்கானிக் துரையின் கடைக்குப் போனார். துரை ஒரு எலிமினேட்டரை எடுத்தான். கரண்ட்டில் சொருகி ரேடியோவை ஓட்டுவார்களே, அதுதான்.

"இதுல பிளஸ் நடுவுல வருது, உங்க பொட்டிக்கு மைனஸ் நடுவுல வரணும். அப்டியே சொருகியிருந்தா பொட்டி பொகஞ்சு பூட்டிருக்கும்ணே" என்று ஒயரை மாற்றிக் கட்டிக் கொடுத்தான். சொருகியதும் கிடாருக்குள் மாவு மில் ஓடுவதுபோல் இரைச்சல்.

"ரேடியோவுக்கு இது போதும். உங்க பொட்டிக்குச் சுத்தமான கரண்ட்டு வேணும். வேற நல்லதா கட்டித் தரேன். ஆனா திருவிழாவுல வோல்ட்டேஜ் எறங்குச்சுன்னா அதுவும் இரையும்."

அருணகிரி மேஜையில் கிடந்த டார்ச்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "டார்ச் செல்லு ஒன்னு எத்தினி வோல்ட்டு?"

"ஒன்னரை."

"அப்போ ஆறு போட்டா ஒம்போது."

துரை தலையைச் சொறிந்தான். "இது எனக்குத் தோணலயேண்ணே!"

மிச்சம் கிடந்த தறிக்கட்டையில் அருணகிரியே ஒரு பெட்டி செய்தார். அதில் பெரிய டார்ச் செல் ஆறு. சொருகினால் இரைச்சலே இல்லை. எத்தனை மாதமானாலும் தாங்கும் என்றான் துரை. பல வருஷமாக அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

படவேட்டில் ஆடித் திருவிழா. நாலாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது. மைக் செட்காரர் சட்டென்று தன் ஆம்ப்ளிபயரைக் கார் பேட்டரிக்கு மாற்றினார். மைக் பேசியது, கிடார் பாடியது. கரண்ட்டை நம்பியிருந்த கீபோர்டு மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் முழுக்க அருணகிரியின் கிடார்தான் அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. ஜனம் கைதட்டியது. இனி நாற்காலியை யார் எடுப்பார் என்று அவர் நினைத்தார்.

லோகநாதன் கீபோர்டைக் கவிழ்த்து அடிமூடியைத் திறந்தார். உள்ளே பெரிய செல் ஆறு போடுகிற இடம் காலியாக இருந்தது.

"அருணகிரி, அந்த ஆறு செல்லக் குடு."

"மாஸ்டர், என் பொட்டிங்க..."

"ஜல்தி குடுப்பா. சனம் எழுந்து போய்கினு கீது. புல்லாங்குழலு, வயலினு அல்லாம் இதுலதான கீது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அருணகிரிக்கு வலித்தது. செல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

பெட்டி இல்லாமல் நேராகச் சொருகிய கிடார் கொசு மாதிரி பாடியது. அடுத்த பாட்டில் கிடார் தனியாக வரும் இடத்துக்கு அவர் விரலை வைப்பதற்குள் லோகநாதன் கீபோர்டில் அந்தக் கிடார் பட்டனை அழுத்தி வாசித்துவிட்டார். ஜனம் அதற்கும் அதே கைதட்டல்தான் கொடுத்தது. அருணகிரிக்குக் கோபம் வரவில்லை, அலுப்புதான் வந்தது. அதன்பிறகு எதையும் மிதிக்காத கால்கள் கச்சேரி முடியும்வரை கடுத்துக்கொண்டே இருந்தன.

சாமான்களை ஏற்றும்போது லோகநாதன் அவர் தோளில் தட்டினார். "செல்லு நல்லா நின்னுச்சுப்பா. எந்தக் கடையில வாங்கினே?"

அருணகிரி கடையின் பெயரைச் சொன்னார். பிறகு தன் நாற்காலியைத் தானே மடித்து வேனில் ஏற்றினார்.