பதினோரு கிராம் ஆமை

பொம்மை நூலகத்தில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் வரிசையின் வாலில் நிற்பவர்கள் கிசுகிசுப்பது தலையில் இருப்பவளுக்குக் கேட்காமலா போகும்? கேட்கும். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

புத்தகம் போல விளையாட்டுகளை இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுக்கிற இடம் அது. ஒரே ஒரு நீண்ட அறை, அறுநூறு பெட்டிகள். திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியிலும் காய்களை எண்ணிக்கொண்டிருந்தால் சனிக்கிழமைக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. முன்பு ஆறு வருஷம் கூரியர் அலுவலகத்தில் பார்சல் நிறுத்துப் பழகிய கை அவளுடையது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அதன் எடையை எழுதி வைத்தாள். பெட்டி திரும்பி வந்ததும் எடை மெஷினில் ஏற்றுவாள். எண் சரியாக இருந்தால் அடுத்தவர் வரலாம். இரண்டு கிராம் குறைந்தாலும் பெட்டியைத் தட்டில் கவிழ்த்துவிடுவாள். ஒன்பது வருஷத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பகடைகூட வெளியே போனதில்லை.

அப்பேர்ப்பட்டவள் சொந்தக் குடும்பத்தின் நாலு நாள் கப்பல் பயணத்துக்கு விளையாட்டுச் சாமான் கட்டினால் எப்படி இருக்கும்? வியாழக்கிழமை சாயங்காலம் கூடத்துத் தரை முழுக்கக் கடை பரப்பியாகிவிட்டது. சீட்டுக்கட்டுகளுக்கு அட்டைப்பெட்டி வேண்டாம், ஜிப் கவர் போதும். கப்பல் ஆடினால் காய் நகரும், ஆகவே காந்தம் வைத்த சதுரங்கம். பகடை உருண்டு கட்டிலுக்கு அடியில் போகாமல் இருக்க மூடி போட்ட கண்ணாடி டப்பா. பந்தும் கோலியும் வீட்டிலேயே இருக்கும். பிள்ளைகளின் சொந்தச் சாமானுக்கு ஆளுக்கு ஒரு ஷூ பெட்டி, அதற்கு மேல் ஒரு குண்டூசிகூடக் கிடையாது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். கீழே வைக்க இடமில்லை.

"கப்பல் பன்னண்டு மாடியாம். உன் சீட்டுக்கட்டால முழுகிடாது, தைரியமா ஏத்து."

"கப்பலைப் பத்தி யாருக்குக் கவலை? ரூம் நம்ம சமையலறையில பாதிதான். அதுல நாலு பேர் நடமாடணும். நீங்க வேற குறட்டை விடுவீங்க, அதுக்கும் இடம் விடணும்."

பதினோரு வயது மகள் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு வயது மகன் தன் ஷூ பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றான். மூடி ஒரு விரல் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் வாங்கிக் கவிழ்த்தாள். சக்கரம் இல்லாத லாரி, இரண்டு டைனோசர், கீறல் விழுந்த பூதக்கண்ணாடி, பச்சை நிறத்தில் ஒரு மர ஆமை.

"இது ஏதுடா?"

"ஆமை. கடல்ல விட்டா நீந்தும்."

"ஆமைன்னு எனக்கும் தெரியுது. யாருது?"

"நம்மளுது."

"நம்மளுது இல்லம்மா," என்றாள் மகள், எழுதுவதை நிறுத்தாமல். "மிருகம் அடுக்குற விளையாட்டோடது. மழையா இருக்குன்னு ஒரு சனிக்கிழமை எடுத்துட்டு வந்தியே. திங்கக்கிழமை திரும்பக் கொண்டுபோயிட்ட."

ஆமையைக் கையில் ஏந்தியபடி அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதை நிறுக்க வேண்டியதில்லை. பதினோரு கிராம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், இதே பதினோரு கிராம் குறைகிறது என்றுதான் அவள் அந்தப் பெட்டியைத் தட்டில் கவிழ்த்தாள். கொண்டுவந்தவர் கடைத்தெருவில் சாவி வெட்டுகிறவர். கூட அவருடைய ஒன்பது வயது மகள். பின்னால் பதினைந்து பேர் வரிசையில். பொறுப்பாகத் தேடவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று டார்ச் அடித்து அலமாரிக்கு அடியிலும் பின்னாலும்கூடப் பார்த்தாள். இல்லை.

"நான் எடுக்கல ஆன்ட்டி. திறந்தப்பவே ஆமை இல்ல," என்றது பெண்.

"அப்படின்னா அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாமே? பொய் சொல்லக் கூடாதும்மா. வீட்டுல நல்லாத் தேடிப் பாரு, கிடைக்கும்."

சாவிக்காரர் முகம் செத்துப்போயிற்று. மகளின் தோளிலிருந்து பள்ளிக்கூடப் பையைக் கழற்றி மேஜைமேல் தலைகீழாகக் கொட்டினார். நோட்டு, பென்சில் டப்பா, பாதி தின்ற பிஸ்கட், ஒரு ஒற்றைச் சாக்ஸ். வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அப்பாவும் மகளும் அதற்குப் பிறகு நூலகப் பக்கமே வரவில்லை.

இரவல் போகும்போது அவள் பெட்டிகளை நிறுப்பதில்லை, வரும்போது நிறுப்பதே போதும். தன் வீட்டுக்குப் போய்வந்த பெட்டியை மட்டும் வரும்போதும் நிறுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நேரே அலமாரியில் செருகிவிட்டாள். பதிவேட்டிலும் எழுதவில்லை. சொந்த வீட்டை யாராவது சந்தேகப்படுவார்களா?

காது மடல் வரை சுட்டது அவளுக்கு.

விஷயம் தெரிந்ததும் கணவன் சொன்னான்: "சரி விடு. போயிட்டு வந்து பெட்டிக்குள்ள போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளும் அதையேதான் யோசித்திருந்தாள். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் கடைத்தெருவுக்குப் போனாள். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குச் சாவிக்கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். ஸ்டூலில் உட்கார்ந்து சாவிக்காரரின் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தராசக்காவைப் பார்த்ததும் அவள் கை தானாகவே பையை மடிக்கு இழுத்துக்கொண்டது.

வழி நெடுக ஒத்திகை பார்த்த வார்த்தைகளெல்லாம் அந்த ஒரு அசைவில் காணாமல் போயின. வாயில் வேறொன்று வந்தது.

"ஆமை கிடைச்சிருச்சு சார். அலமாரிக்குப் பின்னாடி கிடந்துச்சு."

சாவிக்காரர் மெஷினை நிறுத்தினார். "அப்படியா மேடம்! ரொம்பச் சந்தோஷம். இதைச் சொல்லக் கடை தேடி வந்தீங்க பாருங்க, எந்த ஆபீஸ்ல யார் வருவா? நானே இவளை நம்பலைங்க. ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசல." மகளிடம் திரும்பினார். "பாத்தியாடா, ஆன்ட்டியே வந்துட்டாங்க."

அவர் கொடுத்த அந்த மரியாதை அறைந்தது போல இருந்தது. பெண் தலையை நிமிர்த்தவில்லை.

"அலமாரிக்குப் பின்னாடி அன்னிக்கே டார்ச் அடிச்சுப் பாத்தீங்களே ஆன்ட்டி."

சாவிக்காரர் தராசக்காவின் முகத்தைப் பார்த்தார். இதற்கு மேல் மழுப்ப வழியில்லை.

"அலமாரியில இல்ல. எங்க வீட்டுல இருந்துச்சு. உங்களுக்கு முன்னாடி அந்தப் பெட்டியை நான்தான் எடுத்துட்டுப் போனேன். என் பையன் எடுத்து வச்சிருக்கான். நான் திரும்ப வைக்கும்போது பாக்கல. இப்பவும் பொய் சொல்லிட்டேன். நீ சொன்னதுதான்மா உண்மை."

பெண் பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

"அவன் பையைக் கொட்டினீங்களா?" என்றது பெண்.

"இல்ல."

"திட்டினீங்களா?"

"இல்ல."

"என்னை எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது?" என்றார் அப்பா. குரலில் அவ்வளவாகச் சுரத்து இல்லை.

"அவ கேக்குறது நியாயம்தான் சார். ஊருக்குப் போயிட்டு வந்து சொல்லட்டுமாம்மா? நாளைக்கு ஒரு மணிக்குத் துறைமுகத்துல இருக்கணும்." திரும்பி வந்தால் வாரநாள், மூன்று பேர்தான் இருப்பார்கள் என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது.

"நூலகம் பத்து மணிக்குத் திறக்கும்ல?" என்றது பெண்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பெட்டி படுக்கையெல்லாம் டிக்கியில் ஏற்றி, கணவனையும் பிள்ளைகளையும் வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மகள் சொல்லைக் கேட்காமல் பின்னாலேயே வந்தாள். வரிசையில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். "லீவு போட்டுட்டு இங்க என்னக்கா பண்றீங்க?" என்றாள் மேஜையில் இருந்த சக ஊழியை.

அவள் ஆமையை மேஜைமேல் வைத்துப் பேசத் தொடங்கினாள். குரல் எழும்பவே இல்லை. யாரும் திரும்பவில்லை. கூட்டத்தை அடக்கிப் பழகிய அதே குரலில், "கொஞ்சம் எல்லாரும் இங்க பாருங்க," என்று அதட்டிய பிறகுதான் அமைதியானார்கள். முழுவதையும் சொன்னாள். பதிவு செய்யாமல் வீட்டுக்கு எடுத்துப்போனதிலிருந்து, ஒரு குழந்தையைப் பொய்க்காரி என்றது, நேற்றுக் கடையில் அலமாரிக் கதை அளந்தது வரை.

"அப்ப எங்க டோமினோ கட்டையையும் உங்க வீட்டுல தேடிப் பாருங்கக்கா!" என்று ஒரு இளைஞன் குரல் கொடுத்தான். வரிசை சிரித்தது. நடுவில் நின்ற ஓர் அம்மா சிரிக்கவில்லை.

"போன வருஷம் என் பையனையும் இப்படித்தான் சொன்னீங்க. ஒரு பம்பரத்துக்காக."

அவளுக்கு ஞாபகமே இல்லை. மகள் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கதவருகே சாவிக்காரர் தனியாக நின்றிருந்தார்.

"பொண்ணு வரலையா சார்?"

"வரமாட்டேன்னுட்டா. ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டு வந்து சொல்லணுமாம்."

"என்ன சொல்லுவீங்க?"

"சொன்னாங்கன்னு சொல்லுவேன். முதல்ல சத்தமே வரலைன்னும் சொல்லுவேன்." அவர் படியில் ஒரு கால் வைத்து நின்றார். "நானும் அவகிட்ட ஒண்ணு சொல்லணும் மேடம். இன்னும் வாய் வரல." சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வண்டியில் ஏறியதும், "ஆச்சா?" என்றான் கணவன்.

"ம்."

அவன் சாவியைத் திருகினான். வண்டி உறுமியது. மகன் பின் சீட்டில் டைனோசருக்கு ஜன்னல் காட்டிக்கொண்டிருந்தான். மகள் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, அந்தப் பம்பரப் பெட்டியும் நம்ம வீட்டுக்கு வந்துச்சு. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ கொண்டுவந்த."

வண்டி தெருமுனைக்கு வந்திருந்தது. மணி பத்து இருபது.

"வண்டியைத் திருப்புங்க," என்றாள் அவள். "அந்தம்மா இன்னும் வரிசையிலதான் நிப்பாங்க."