திவ்யதர்ஷினியின் சனிக்கிழமைத் தண்ணீர்

திவ்யதர்ஷினியிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஜாசின் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் படிக்கிறாள்; வயது பதினாறு. அப்பா நல்லமுத்து செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். நான் அவளுடைய அறிவியல் ஆசிரியர் கணேஸ்வரன். இந்தக் கதையில் முட்டாள் வேடம் எனக்குத்தான்.

பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓடை. எங்கள் மாணவர்கள் வாரம்தோறும் அதன் நீரைச் சோதிக்கிறார்கள். அடியில் கறுப்பு வெள்ளை வட்டம் போட்ட நீளமான கண்ணாடிக் குழாயில், வட்டம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த உயரத்தைக் குறிப்பார்கள். உயரம் கூடினால் தண்ணீர் தெளிவு. வகுப்பு முடிந்தபின் நடக்கும் புறப்பாட நடவடிக்கை புதன்கிழமை; சோதனையும் அன்றுதான். எப்போதும் ஐம்பது சென்டிமீட்டர். அதனால் மாவட்டத்தில் சீரமைக்கப்போகும் ஓடைகளின் பட்டியலில் எங்கள் ஓடைக்கு இடமில்லை என்றார்கள்.

இவள் மட்டும் ஒன்பது என்று ஒரு கணக்கை நீட்டினாள். சனிக்கிழமை தனியாகப் போய் எடுத்தாளாம். சேற்றைக் கலக்கிவிட்டு எடுத்திருப்பாள் என்று அதை நானே கோடு போட்டு அடித்தேன்.

"சார், நான் பொய் சொல்லல. சனிக்கிழமதான் ஓடைக்கு மேல்பக்கம் தோட்டத்து லோரி எல்லாம் கழுவுறாங்க. எங்கப்பா லோரியும் அங்கதான்."

"அப்பாவையே மாட்டி விடுறியாம்மா?"

"அப்பாகிட்டயும் சொல்லிட்டேன் லா. ஒரு வாரமா பேச மாட்றாரு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவளோ அடுத்த ஆறு சனிக்கிழமைகளும் போனாள். நேரம் தெரியும்படி படம் எடுத்தாள். பட்டியல் போடும் அதிகாரி புவான் சகீனாவுக்கு மலாயில் கடிதமும் எழுதினாள்.

சகீனா ஒரு சனிக்கிழமை காலையில் வந்து நின்றார். தன் கையாலேயே ஊற்றிப் பார்த்தார். எட்டு.

"சார், உங்க ரிப்போட்ல அம்பதுன்னு இருக்கே?" என்று மலாயில் கேட்டார்.

"நாங்க புதன்கிழம மட்டும் பாத்தோம், புவான். இந்தப் பிள்ள சரியாத்தான் சொல்லுச்சு. நான்தான் நம்பல."

வெட்கமாக இருந்தது. ஆனால் எங்கள் ஓடை பட்டியலில் ஏறியது. லோரி கழுவும் இடத்தில் அழுக்குநீர் தேங்கிச் சேறு படிய குழி வெட்டினார்கள். கரையில் மாணவர்கள் மரக்கன்று நட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மறுபடி சோதித்தோம். கரை முழுக்கப் பிள்ளைகள். நல்லமுத்துவும் வந்திருந்தார். நாற்பத்தாறு! எல்லாரும் கூச்சல் போட்டார்கள். திவ்யதர்ஷினி மட்டும் குழாயைக் கவிழ்த்தாள்.

"ஒரு தடவ போதாது, சார். இன்னொரு தடவ எடுப்போம்."

நல்லமுத்து கால்சட்டையை மடித்துவிட்டு ஓடையில் இறங்கினார். "வாளியக் குடும்மா, நான் மொண்டு தரேன்" என்றார்.

நாற்பத்தேழு.