தேசப்பன் டாக்டரிடம் கேட்டது

விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மாவின் போன் வந்தது. "ண்ணா, அவரு போயிட்டாரு" என்றாள். மரக்காணத்துக் கடற்கரையிலும் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் புற்றுக்குக் கரண்டு என்கிற கதிர்வீச்சு வைக்கும் அறையின் வாசலிலும் அவள் புருஷன் தேசப்பனை அறிந்தவர்கள் நிறைய. அவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. கண்டதும் கேட்டதும் மறக்காது.

எனக்குத் தொண்டையில் புற்று, அவருக்குக் கழுத்தில். எச்சில் சுரப்பியில் உண்டாகி நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊர்கிற அபூர்வமான ரகம் என்று டாக்டரம்மா சொன்னாராம். அறுத்தெடுத்த பிறகும் நரம்போரம் கொஞ்சம் மிச்சம். அதற்குத்தான் கரண்டு. முதல் நாள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "காலம் பூரா வல போட்டும் அபூர்வமா ஒரு மீன் மாட்டல பெரியவரே. கழுத்துல வந்து மாட்டிக்கினு இருக்குது" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

கரண்டு வைக்குமுன் அளவெடுப்பார்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, தலையும் தோளும் அசையாதபடி ஒரு முகமூடி செய்வார்கள். அதைப் போட்டு ஸ்கேன் எடுத்து, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு பாய்ச்சலாம், தண்டுவடத்தை எப்படித் தப்பவைக்கலாம் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவார்கள். அதற்குச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் கன்னியம்மா அவரை மயிலம் மலைக்கு அழைத்துப்போய் மொட்டை போட்டுக் கூட்டிவந்தாள். வேண்டுதலை முடித்துவிட்டு வைத்தியத்தில் இறங்குவதுதானே வழக்கம். தோள்வரை புரண்ட முடியும் அடர்ந்த தாடியும் போயிருந்தன.

முடியோடு அளவெடுத்த முகமூடியை இப்போது மாட்டினால் உள்ளே தலை ஆடியது. தலை அசைந்தால் கரண்டு தண்டுவடத்தில் விழும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் முகமூடி, ஸ்கேன், திட்டம். கரண்டு தள்ளிப்போனது. நர்ஸம்மா ஒருத்தர் வாசலில் எல்லோரும் கேட்கும்படி கன்னியம்மாவைப் பிடித்துக்கொண்டார். சாமி கொஞ்ச நாள் பொறுக்காதா, புருஷன் உயிரைவிட முடிதான் பெரிதா என்று. தேசப்பன் எழுந்தார். "அவள ஒண்ணும் சொல்லாதீங்க. முடி என்னுது. குடுத்தது நானு" என்றார். திரும்பும்போது திண்டிவனம் பஸ்ஸில் மூவரும் ஒன்றாக வந்தோம். நான் இறங்கும்வரை அவள் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு கரண்டு ஒழுங்காக நடந்தது. வாய் வெந்து, கேப்பைக் கூழும் இறங்காமல் கிடந்து, மீண்டு, மறுபடி கடலுக்குப் போனார். வருஷங்கள் நன்றாகவே போயின. ஆனால் லேசாக இருமினாலும் கன்னியம்மாவின் முகம் செத்துவிடும். அன்று நாள் தள்ளிப்போனதுதான் என்றைக்காவது அவரைக் கொண்டுபோகும் என்று அவளுக்குள் பயம். அது அவருக்கும் தெரியும்.

போன வருஷம் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. செக்கப்புக்குப் போன நானும் அன்று அங்கே இருந்தேன். வெளியே உட்கார்ந்திருந்த கன்னியம்மாவையும் என்னையும் தேசப்பன்தான் டாக்டரம்மா அறைக்குள் வரச் சொன்னார். நுரையீரலில் முளைத்துவிட்டது என்று டாக்டரம்மா படத்தைக் காட்டினார். எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்பார் என நினைத்தேன்.

"மொட்ட போட்டு அன்னிக்கி கரண்டு தள்ளிப்போச்சே மேடம், அதனாலயா இது?" என்று கேட்டார்.

இல்லை என்றார் டாக்டரம்மா. கரண்டு வைத்த கழுத்து இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது, வருஷக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு நுரையீரலில் தலைகாட்டுவது இந்த நோயின் குணம் என்றார்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. அவளப் பாத்து சொல்லுங்க."

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கன்னியம்மாவிடம் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னார். தேசப்பன் தன்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார்.

சாவு வீட்டில் உறவுக்காரி ஒருத்தி பழைய மொட்டைக் கதையை எடுத்தாள். நான் வாய் திறக்குமுன் கன்னியம்மா நிமிர்ந்தாள். "கழுத்து சுத்தமாத்தான் இருந்துச்சி. டாக்டரம்மா என் மூஞ்சப் பாத்து சொன்னாங்க" என்றாள். பிறகு கிடத்தியிருந்த தேசப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது புருஷனுக்காக மட்டும் அழுத அழுகை.

என் வீட்டுக்காரியை நான் இதுவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் டாக்டரிடம் போயிருக்கிறேன். அடுத்த செக்கப்புக்கு அவளையும் உள்ளே அழைத்துப்போவேன். தேசப்பனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. அவள் மனதில் என்ன கேள்வி இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.